இரண்டாம் ஸ்பெல்

கிருஷ்ணகிரியில் எந்தக் கூட்டமும்
மாம்பழத்தில்தான் போய் முடியும்.
"கல் வெச்சுப் பழுக்கவெச்சா
மேலே மஞ்சள், உள்ளே புளிப்பு" என்றார் செயலாளர் லகுமய்யா.
"மரத்திலேயே விட்டுவை, கிளி கொத்தட்டும்" என்றார் அம்ஜத்.
தேர்வுக் குழு என்று பெயர்.
பள்ளி மைதானத்து ஸ்கோர் ஷெட்டில்
ஐந்து நாற்காலி, நாலு டீ.

மாதேஷ் மாங்காய் இல்லை.
மாங்காய்க்கு பிசிக்ஸ் பிராக்டிகல் கிடையாது.
சூளகிரிச் சந்தையில் தக்காளியைக்
கிலோ மூன்று ரூபாய்க்குக் கொட்டிவிட்டு
நடந்தே வீடு வந்த அப்பா கிடையாது.
மாங்காய் ஓடிவந்து
கடைசி இரண்டு தப்படியில் தோளைத் திறப்பதில்லை.

சென்னையில் முதல் டிவிஷன் கிளப் ஒன்று கேட்கிறது,
ஜூலையிலேயே வரட்டும் என்று.
தங்க இடம், சாப்பாடு, கையில் ஆறாயிரம்.
இங்கே மூன்றாம் டிவிஷன். மேட்டிங் விக்கெட்,
நாலு மூலையில் ஒரு ஆணி எப்போதும் கழன்றிருக்கும்.
சிக்ஸர் பெங்களூர் ரோட்டில் விழுந்தால்
லாரிகள் போகும்வரை ஆட்டம் நிற்கும்.
பதினெட்டு ஆட்டம், நாற்பத்தியேழு விக்கெட்.
"பாதிப் பேர் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் முடிச்சுட்டு
தூக்கத்தோட மட்டை பிடிச்சவங்க,
அதையும் எழுதணும்" என்றார் லகுமய்யா.
நியாயம்தான்.

அம்ஜத்தை
"இன்னும் ஒரு வருஷம்" என்று
நாலு வருஷம் நிறுத்திவைத்தார்கள்.
ஐந்தாம் வருஷம் முழங்கால் முடிவெடுத்தது.
இப்போது டைல்ஸ் கடை. படியைப் பக்கவாட்டில்தான் ஏறுவார்.
லகுமய்யா பத்தொன்பதிலேயே போனவர்.
ஒரே ஆட்டம்,
ஏழு ஓவர், எழுபத்திரண்டு ரன்.
பிறகு சீசன் முடியும்வரை தண்ணீர் தூக்கினார்.
அந்த எழுபத்திரண்டை யாரும் கேட்பதில்லை,
அவராகத்தான் சொல்வார்.
பேச்சு சூடேறச் சூடேற
மேஜையில் இருந்த பையன் காணாமல் போய்
முழங்காலும் தண்ணீர் பாட்டிலும்
எதிரெதிரே உட்கார்ந்திருந்தன.

"கீப்பர், நீ சொல்லு.
ரெண்டு வருஷமா வாங்கறவன் நீதானே."

வாங்குகிறேன்.
இடது கையில், ஆள்காட்டி விரலுக்குக் கீழே,
ஐந்து ரூபாய் அகலத்துக்கு நீலம்.
நல்ல பந்து வந்து தட்டுகிற கதவு அது.
முதல் ஆறு ஓவரும் அங்கேயேதான் தட்டும்.
இரண்டாம் ஸ்பெல்லில் விரல்களுக்கு நழுவும்.
எட்டாவது ஓவரில் நான் ஒன்றரை அடி
முன்னால் வந்து நிற்பேன்,
யாருக்கும் தெரியாமல்.
ஓட்டத்தை அளந்து திரும்பும்போது அவன் பார்த்துவிட்டால்
க்ளவுஸைச் சரிசெய்வதுபோல் பின்னால் போவேன்.

இதைச் சொன்னால் "பார்த்தீங்களா" என்பார் லகுமய்யா.
"அங்கே போனா முட்டை, ஜிம்,
எட்டு என்ன, பத்து ஓவரும் போடுவான்" என்பார் அம்ஜத்.
இருவரும் சரியாக இருக்கலாம்.
இங்கேயே இருந்து கற்கட்டும் என்றால்
பாதி ஆட்டம் எட்டாவது ஓவருக்கு முன்பே முடிந்துவிடுகிறது,
அவனே முடித்துவிடுகிறான்.
அங்கே கற்கட்டும் என்றால்
எட்டாவது ஓவர்வரை அவன் கையில் பந்து கொடுப்பார்களா?
உள்ளங்கைக்கு இதற்கு மேல் தெரியாது.

"ஆறு ஓவருக்கு ரெடி" என்றேன்.
அம்ஜத் சிரித்தார்.
லகுமய்யா அதை நோட்டில் எழுதி
அடியில் கோடு போட்டார்.
அந்தக் கோடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

வெளியே ஒற்றை ஸ்டம்ப் நட்டு
அவனே வீசி, அவனே போய்
வேலியோரம் பந்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.
கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.
"அண்ணா, மெட்ராஸ்ல மேட்டிங் இல்லையாமே,
ஸ்பைக்ஸ் வேணுமா?"

பரணில் ஒரு ஜோடி இருக்கிறது,
மூன்று முறை போட்டது.
அந்தக் கதை இப்போது வேண்டாம்.

"என்ன சைஸ்?"

"ஒன்பதுணா.
போன மாசம் எட்டு."

என்னுடையது எட்டு.